ரத்தம் கொடுத்தவர்களுக்கும் ஒரு நாற்காலி

நீரிழிவு ஆய்வுகளுக்கு ஆள் சேர்ப்பது என் வேலை. தாதியாக இருந்து இந்தப் பக்கம் வந்தவள் என்பதால் வீடுகளில் என்னை இன்னமும் 'மிஸ்ஸி' என்றுதான் கூப்பிடுகிறார்கள். சிங்கப்பூரின் ஈசூனிலும் அங் மோ கியோவிலும் புளோக் புளோக்காக ஏறி இறங்கி, ஒப்புதல் படிவத்தைப் படித்துச் சொல்லி, கையெழுத்து வாங்கி, ரத்தம் எடுத்துக்கொண்டு வருகிறேன். ஒவ்வோர் ஆய்வுக் கூட்டத்திலும் யாராவது ஒருவர் தவறாமல் சொல்வார்: "இந்தியர் எண்ணிக்கை போதவில்லை." 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி குடிமக்கள், நிரந்தரவாசிகளில் நாம் 9 விழுக்காடு. கணக்கு நிற்க வேண்டுமென்றால் நம்மிடமிருந்து அந்த விகிதத்துக்கும் மேலாக ஆட்கள் வேண்டும். ஆகவே தேக்கா, சிராங்கூன் சாலை, கோயில் மண்டபங்கள், தமிழ் முதியவர்கள் உட்கார்ந்து பேசும் கீழ்த்தளங்கள் என்று ஓயாமல் தேடுகிறோம். கேட்டவர்களையே திரும்பவும் கேட்கிறோம்.

நம்மவர்கள் பெரும்பாலும் மறுப்பதில்லை. பிள்ளைகள் வேலைக்குப் போனபின் தனியாக இருக்கும் பாட்டியும், இரவுப் பணி முடித்துக் காலையில் தூங்கப் போகும் பாதுகாவலரும் சட்டைக் கையை மடித்துவிட்டு, "என்னோடு போகட்டும், பேரப்பிள்ளைகளுக்காவது ஏதாவது தெரியவரட்டும்" என்கிறார்கள். பிறகு கேட்கிறார்கள்: "போன தடவை எடுத்தீர்களே மிஸ்ஸி, அதில் என்ன கண்டுபிடித்தீர்கள்?" அவரவருடைய சர்க்கரை அளவும் கொழுப்பு அளவும் தபாலில் போய்ச் சேர்ந்திருக்கும். அத்தனை பேருடைய ரத்தத்தையும் சேர்த்துப் பார்த்ததில் தெரியவந்தது என்ன என்பது ஆங்கிலச் சஞ்சிகை ஒன்றில் இருக்கும். அந்தப் பாட்டியின் வீட்டுக்கு அது வந்ததில்லை. இந்தத் துறையில் நான் பார்த்த வரை யாரும் கொண்டுபோய்க் கொடுத்ததும் இல்லை.

வந்து சேர்வது வேறொன்று. 2010 தேசிய சுகாதார ஆய்வில் நீரிழிவு இந்தியர்களிடையே 17.2 விழுக்காடு, மலாய்க்காரர்களிடையே 16.6, சீனர்களிடையே 9.7. சுகாதார அமைச்சு 2016-இல் நீரிழிவுக்கு எதிரான போரை அறிவித்தபோது இந்த வேறுபாடு மேலும் பரவலாகப் பேசப்பட்டது. எண்களில் பிழை இல்லை. எண்கள் வீட்டுக்குள் நுழைந்தபின் ஆகும் கதையைத்தான் நான் சொல்கிறேன். 'இந்தியர் உடம்பு', 'இந்தியர் சாப்பாடு' என்று அவை சுருங்கிவிடுகின்றன. ஓர் அம்மா என் எதிரில் உட்கார்ந்து, வினாத்தாளை நான் திறப்பதற்கு முன்பே, "எங்கள் சோற்றைக் குறை சொல்லத்தானே வந்திருக்கிறீர்கள்? சொல்லுங்கள்" என்றார். நான் வைத்திருந்த வினாத்தாளில் சோற்றைப் பற்றி, நெய்யைப் பற்றி, இனிப்புப் பலகாரங்களைப் பற்றிக் கேள்விகள் இருந்தன. அவருடைய கணவர் பன்னிரண்டு மணி நேர இரவுப் பணியில் எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறார் என்ற கேள்வி இல்லை. மருந்தகத்துக்குப் போக விடுப்பு எடுத்தால் சம்பளத்தில் பிடிக்கிறார்களா என்ற கேள்வியும் இல்லை. இனம் என்ற கட்டத்தில் மட்டும் முதல் பக்கத்திலேயே ஒரு குறி போட்டிருந்தோம்.

இதைப் பற்றி என்னோடு மணிக்கணக்கில் பேசியவர் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பிறந்து வளர்ந்த ஒரு தோழி. அவரும் தாதி, சில ஆண்டுகள் இங்கே என்னோடு ஆய்வுப் பணியில் இருந்தார். 1860-இல் மதராஸிலிருந்து டுரூரோ என்ற கப்பல் கரும்புத் தோட்டங்களுக்குத் தமிழர்களை ஏற்றிக்கொண்டு நேட்டாலுக்குப் போனதே, அந்தத் தொடர்ச்சியில் வந்த குடும்பம். தமிழ் கொஞ்சம் பேசுவார், முருகன் பாட்டு நிறையப் பாடுவார். நிறவெறி ஆட்சியில் 1950-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒவ்வொருவரையும் இனவாரியாகப் பதிவு செய்தார்கள். அவருடைய பெற்றோர் எங்கே குடியிருக்கலாம், எந்தக் கடற்கரையில் குளிக்கலாம் என்பதை அந்தப் பதிவுதான் தீர்மானித்தது. என் அடையாள அட்டையில் இருக்கும் 'இந்தியர்' அப்படிப்பட்டதல்ல. இரண்டையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது என்று அவரே சொல்வார். ஆனால் இனம் என்ற கட்டத்தில் குறி போடும் எவரும் அதை வைத்து என்ன செய்யப்போகிறோம் என்று ஒரு முறையாவது நின்று யோசிக்க வேண்டும் என்பதில் அவர் கறாராக இருந்தார்.

அவர் மூலமாகத்தான் உபுண்டு எனக்குப் பழக்கமானது. தென்னாப்பிரிக்காவின் சூலு, கோசா போன்ற மொழிகளைப் பேசுகிற மக்களிடையே தலைமுறை தலைமுறையாக வருகிற வாழ்க்கைப் பார்வை அது: ஒரு மனிதர் மனிதராவது மற்ற மனிதர்களால். கென்யச் சிந்தனையாளர் ஜான் ம்பிட்டி 1969-இல், 'நாம் இருக்கிறோம், அதனால் நான் இருக்கிறேன்' என்ற பொருளில் இதை எழுதினார். தென்னாப்பிரிக்காவின் 1993 இடைக்கால அரசியல் சட்டம், பழிவாங்கலுக்குப் பதில் உபுண்டு தேவை என்று தன் முடிவுரையில் சொன்னது. 1995-இல் மரண தண்டனையை ரத்து செய்த அரசியல் சட்ட நீதிமன்றத்தின் தீர்ப்பிலும் அது இடம்பெற்றது. சட்டத்துக்குள் வந்த தத்துவம் ஆராய்ச்சிக்குள் வரக் கூடாதா என்று பல ஆப்பிரிக்க அறிஞர்கள் கேட்டுவருகிறார்கள். என் தோழி கேட்டதும் அதையேதான்.

இன்றைய ஆய்வு நெறிமுறை தனிமனிதரைச் சுற்றியே கட்டப்பட்டது. அதற்குக் காரணம் உண்டு. அமெரிக்காவின் டஸ்கிகீயில் 1932 முதல் 1972 வரை, மேகநோய் கண்ட 399 கறுப்பின ஆண்களுக்கு உண்மையைச் சொல்லாமல், மருந்து இருந்தும் கொடுக்காமல் வேடிக்கை பார்த்தார்கள். அதன்பின் பிறந்த விதிகள் தனிமனிதரின் சம்மதத்தைப் புனிதமாக்கின. அது பெரிய காவல். எங்கள் நாட்டிலும் 2015-இல் மனித உயிர்மருத்துவ ஆய்வுச் சட்டம் வந்தது. ஒப்புதல் இல்லாமல் ஒரு சொட்டு ரத்தம் எடுக்க முடியாது. ஆனால் ஒரு பாட்டி கையெழுத்துப் போடுகிறார், முடிவு வெளிவருவதோ 'இந்தியர்கள்' என்ற பெயரில். கையெழுத்துப் போடாத நானும் என் மகளும் மாரியம்மன் கோயிலில் வரிசையில் நிற்கிற அத்தனை பேரும் அந்த முடிவுக்குள் இருக்கிறோம். ஒருவர் தரும் சம்மதம் எல்லாரையும் தொடுகிறது என்றால், எல்லாருக்கும் அதில் ஏதோ ஒரு வகையில் பேச்சு இருக்க வேண்டும். உபுண்டு எனக்குக் கற்றுக்கொடுத்தது இதுதான். படிவத்தில் இதற்கு இடம் இல்லை.

கோவென்ட்ரியை எடுத்துக்கொள்ளுங்கள். நம் வாசகர்கள் பலருக்கு இது தெரியாது என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். 1969-இல் இங்கிலாந்தின் அந்த நகரில் 21 தெற்காசியப் பெண்கள், சிறு சிறு உபாதைகளுக்காக உள்ளூர் மருத்துவரைப் பார்க்கப் போனவர்கள், ஓர் ஆய்வில் சேர்க்கப்பட்டார்கள். அவர்களுடைய வீட்டுக்கே சப்பாத்தி வந்தது. அதில் கதிரியக்க இரும்பு கலந்திருந்தது. தெற்காசியப் பெண்களிடையே ரத்தச்சோகை அதிகம், சப்பாத்தியிலிருந்து இரும்புச்சத்து எவ்வளவு உடலில் சேர்கிறது என்பதுதான் ஆய்வாளர்களின் கேள்வி. பிறகு ஹார்வெல் அணுசக்தி ஆராய்ச்சி நிலையத்துக்கு அழைத்துப்போய் உடலில் எஞ்சியிருந்த கதிர்வீச்சை அளந்தார்கள். ஆங்கிலம் சரிவரத் தெரியாத பெண்கள் அவர்களில் இருந்தார்கள். தாங்கள் எதற்கு உட்படுகிறோம் என்பது எவ்வளவு புரிந்திருக்கும் என்ற கேள்வி இன்றும் தீரவில்லை. 1995-இல் ஒரு தொலைக்காட்சி ஆவணப்படம் வந்தபோதுதான் விஷயம் வெளியே தெரிந்தது. 2023-இல் அந்த நகரின் நாடாளுமன்ற உறுப்பினர் விசாரணை கேட்டபோது மீண்டும் பேச்சு எழுந்தது.

இதில் என்னைக் கலங்கவைப்பது அந்தக் கேள்வி நல்ல கேள்வி என்பது. அந்தப் பெண்களுக்கே நன்மை தரக்கூடிய கேள்வி. அவர்களோடு உட்கார்ந்து, அவர்கள் மொழியில், அவர்கள் அடுப்படியில் வைத்துக் கேட்டிருந்தால் எத்தனை விஷயங்கள் கிடைத்திருக்கும்! அவர்களுடைய சப்பாத்தியை எடுத்துக்கொண்டார்கள், அவர்களுடைய பேச்சை எடுத்துக்கொள்ளவில்லை.

அரிசோனாவின் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கில் வாழும் ஹவசுப்பாய் பழங்குடியினர் கதை நீரிழிவோடு தொடர்புடையது. 1990-இல் தொடங்கி, நீரிழிவு ஏன் தங்களிடையே பெருகுகிறது என்று அறிவதற்காக ரத்தம் கொடுத்தார்கள். அதே ரத்தத்தை ஆய்வாளர்கள் மனச்சிதைவு நோய், உறவுக்குள் மணம், மூதாதையரின் இடப்பெயர்வு ஆகிய ஆய்வுகளுக்கும் பயன்படுத்தினார்கள். அந்தப் பள்ளத்தாக்கிலேயே தோன்றியவர்கள் தாங்கள் என்பது அவர்களுடைய நம்பிக்கை. ஆசியாவிலிருந்து வந்தவர்கள் என்று அவர்களுடைய ரத்தத்தைக் கொண்டே எழுதினார்கள். பழங்குடியினர் வழக்குத் தொடுத்து 2010-இல் 7 லட்சம் டாலர் இழப்பீடும், மீதமிருந்த ரத்த மாதிரிகளும் திரும்பப் பெற்றார்கள். குளிர்பெட்டியில் இருந்த தங்கள் உறவினர்களின் ரத்தத்தை ஊருக்கு எடுத்துச் சென்றார்கள்.

ஆப்பிரிக்காவிலேயே இதற்கு விடை தேடியவர்கள் கலகாரிப் பகுதியின் சான் மக்கள். வேட்டைக்குப் போகும்போது பசியை அடக்க அவர்கள் மெல்லும் ஹூடியா என்ற செடியின் சாரத்துக்கு 1990-களில் தென்னாப்பிரிக்காவின் அரசு ஆராய்ச்சி அமைப்பு காப்புரிமைக்கு விண்ணப்பித்தது. அந்த அறிவுக்கு உரியவர்களிடம் யாரும் கேட்கவில்லை. போராடித்தான் 2003-இல் பங்கு ஒப்பந்தம் பெற்றார்கள். 2010-இல் சான் முதியவர்கள் சிலருடைய மரபணுத் தொகுதி வெளியானபோதும், தனித்தனியாகச் சம்மதம் வாங்கியவர்கள் சமூகத் தலைவர்களைக் கலந்துகொள்ளவில்லை. 2017-இல் கேப் டவுனில் சான் மக்களே ஆய்வாளர்களுக்கான நெறிமுறை ஒன்றை வெளியிட்டார்கள். மரியாதை, நேர்மை, நீதி, அக்கறை, உரிய நடைமுறை: இவை ஐந்தும் அதன் தூண்கள். ஆய்வுத் திட்டத்தை முதலில் எங்களிடம் கொண்டுவாருங்கள், எங்களுக்குப் புரியும் மொழியில் பேசுங்கள், சொன்ன வாக்கைக் காப்பாற்றுங்கள், முடிவைத் திரும்பக் கொண்டுவந்து காட்டுங்கள் என்கிறது அது. பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் பழங்குடியினருக்கு விதி எழுதிய காலம் போய், பழங்குடியினர் பேராசிரியர்களுக்கு விதி எழுதினார்கள். அதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அத்தனை மகிழ்ச்சி.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சான் மக்கள் உபுண்டு என்ற சொல் வழங்கும் மொழிக்குடும்பத்தைச் சேர்ந்தவர்கள் அல்லர். வெள்ளையர்கள் மட்டுமல்லாமல் அக்கம்பக்கத்துக் கறுப்பினக் குழுக்களும் அவர்களைத் தாழ்வாக நடத்திய வரலாறு உண்டு. 'நாம்' என்று சொல்லும் எந்தத் தத்துவத்தையும் பார்த்து, அந்த 'நாம்' யார் என்று கேட்பது நியாயம். தமிழர்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. நம் கிராமங்களில் ஊர் என்று ஒன்று இருந்தது, அதற்கு வெளியே சேரி என்று ஒன்று இருந்தது. ஊர்க் கட்டுப்பாடு என்ற பெயரில் பெண்களையும் ஒடுக்கப்பட்டவர்களையும் வாய்மூட வைத்தோம். கூட்டுவாழ்வு என்ற சொல்லைக் கேட்டதும் உருகிப்போகிறவள் அல்ல நான். சமூகத் தலைவர் சம்மதித்துவிட்டார், ஆகவே நீயும் ரத்தம் கொடு என்று ஒரு மருமகளிடம் சொல்லும் நிலை வந்தால் அது கோவென்ட்ரியைவிட மோசம். தனிமனிதரின் கையெழுத்து அப்படியே இருக்க வேண்டும். அதற்கு மேலே சமூகத்தின் குரல் கூடுதலாக வர வேண்டும்.

இன்னோர் எச்சரிக்கையும் தென்னாப்பிரிக்காவிலிருந்தே கிடைக்கிறது. பேராயர் டெஸ்மண்ட் டூட்டு தலைமையேற்ற உண்மை, நல்லிணக்க ஆணையம் உபுண்டுவின் பெயரால் மன்னிப்பை வேண்டியது. பாதிக்கப்பட்டவர்கள் கண்ணீரோடு வந்து சாட்சி சொன்னார்கள். ஆணையம் பரிந்துரைத்த தொகையைவிட மிகக் குறைவாக, 2003-இல் ஆளுக்கு 30,000 ராண்ட் என்று ஒரே ஒரு முறை கொடுத்துக் கணக்கை முடித்தது அரசாங்கம். என் தோழி இதைச் சொல்லும்போது குரல் உயரும். அன்பைப் பற்றிப் பேசிவிட்டுக் கொடுக்க வேண்டியதைக் கொடுக்காமல் போவது உபுண்டுவை வைத்து ஏமாற்றுவது என்பார். நானும் அதே கட்சி.

ஆராய்ச்சியே வேண்டாம் என்று யாரும் புரிந்துகொள்ளக் கூடாது. மரபணு ஆய்வுகளில் பங்கேற்றவர்களில் 78 விழுக்காட்டினர் ஐரோப்பிய வம்சாவளியினர், ஆப்பிரிக்கர்கள் 2 விழுக்காடு என்று 2019-இல் ஓர் அறிவியல் கட்டுரை கணக்கிட்டது. அதே ஆண்டு சிங்கப்பூரிலிருந்து வெளியான 4,810 பேரின் மரபணுத் தொகுதியில் 1,127 பேர் இந்தியர்கள். நமக்கு ஏற்ற மருந்தளவு தெரிய வேண்டுமானால் இப்படிப்பட்ட ஆய்வுகள் வேண்டும். விட்டுப்போனால் என்ன ஆகும் என்பதற்கு விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் சாட்சி. கொவிட் காலத்தில் வீட்டுக்கொன்று வந்ததே, அந்த வகைக் கருவிதான். கறுப்பின நோயாளிகளின் ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்திருப்பதை அது தவறவிடும் வாய்ப்பு வெள்ளையரைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு என்று அமெரிக்காவில் 2020-இல் கண்டறிந்தார்கள். தோலின் நிறத்தைக் கணக்கில் எடுத்துச் சோதிக்காததன் விலை அது.

ஆகவே நாங்கள் ஒரு காரியம் செய்தோம். இப்போது நடக்கும் ஆய்வின் வினாத்தாள் முடிவாவதற்கு முன்பே, பங்கேற்கப் போகிறவர்களைச் சமூக மன்றத்தில் ஓர் அறைக்கு ஞாயிறு மாலை அழைத்தோம். டீயும் வடையும் வைத்தோம். ஆய்வாளர்கள் மேடையில் உட்காராமல் வட்டமாகப் போட்ட நாற்காலிகளில் அவர்களோடு உட்கார்ந்தார்கள். வந்தவர்களில் ஒரு பாதுகாவலர், ஓய்வுபெற்ற துறைமுக ஊழியர், துணைப்பாட ஆசிரியை, வீட்டிலிருந்தே சமைத்து விற்கும் ஓர் அக்கா, மலையாளி அண்ணன் ஒருவர் இருந்தார்கள். முதலில் வாய் திறந்தவர் அந்த அண்ணன்தான். "நானும் பஞ்சாபிக்காரரும் போன வருடம் இங்கே வந்த கணினிப் பொறியாளரும் உங்களுக்கு ஒரே கட்டமா?" என்று கேட்டார். புள்ளியியல் படித்த இளைஞர் விளக்க முயன்றார். அண்ணன் விடவில்லை. கடைசியில் இனம் என்ற ஒற்றைக் கேள்வியோடு, வீட்டில் பேசும் மொழி, எத்தனை தலைமுறையாக இங்கே இருக்கிறீர்கள், வேலை நேரம் ஆகியவையும் சேர்ந்தன.

பாதுகாவலர் இரவு உணவைப் பற்றிப் பேசினார். நள்ளிரவில் அவர் இருக்கும் இடத்தில் எந்தக் கடை திறந்திருக்கும், அங்கே என்ன கிடைக்கும், சூடுபடுத்த அடுப்பு இருக்கிறதா என்று அவர் சொல்லச் சொல்ல எல்லாரும் எழுதிக்கொண்டோம். சமைத்து விற்கும் அக்கா இன்னும் கூர்மையாக ஒன்று சொன்னார்: "எதைச் சாப்பிடுகிறீர்கள் என்று கேட்கிறீர்கள். வீட்டில் கடைசியாகச் சாப்பிடுவது யார் என்று கேளுங்கள். மிச்சத்தை வீணாக்கக் கூடாது என்று தின்பவள் யார் என்று கேளுங்கள்." அத்தனை ஆண்டுகள் நான் வாசித்துக் காட்டிய எந்த வினாத்தாளிலும் அந்தக் கேள்வி வந்ததில்லை. இப்போது வந்திருக்கிறது.

மிச்ச ரத்தத்தைப் பற்றிய பேச்சு கடினமாக இருந்தது. நீரிழிவுக்கு வெளியே வேறு ஆய்வுக்குப் பயன்படுத்துவதானால் மறுபடியும் இங்கே கூடிய இந்தக் குழுவிடம் வந்து சொல்ல வேண்டும் என்று துறைமுக ஊழியர் பிடிவாதமாக நின்றார். ஓர் இளம் ஆய்வாளருக்குப் பயம். கசப்பான முடிவு வந்தால் குழு அதை வெளியிடக் கூடாது என்று தடுத்துவிடுமோ என்றார். அந்தப் பயம் நியாயமானது. நெடுநேரம் பேசிய பிறகு வந்த உடன்பாடு இது: எண்களை மாற்றும் உரிமை குழுவுக்கு இல்லை. வெளியாவதற்கு முன்பே முடிவுகளைத் தமிழில் கேட்கும் உரிமையும், அந்த எண்களுக்குத் தங்கள் விளக்கத்தைச் சேர்க்கும் உரிமையும் உண்டு. ஆய்வுகளுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழுவும் இதை ஏற்றுக்கொண்டது. வேலை மெதுவாகிறது, செலவும் கூடுகிறது. அதற்காக இதை விட்டுவிட எனக்கு மனமில்லை.

இவற்றையெல்லாம் எழுதிவிட்டு, அந்த மாலையில் பாதுகாவலர் கேட்ட கடைசிக் கேள்வியை விட்டுவிட முடியாது. "விடுதியில் இருக்கிற தம்பிகள் இந்த ஆய்வில் இருக்கிறார்களா?" தங்குவிடுதிகளில் இருக்கும் வெளிநாட்டு ஊழியர்களைத்தான் கேட்டார். இல்லை. தேசிய அளவில் சொல்லப்படும் நீரிழிவு விழுக்காடு எதிலும் அவர்கள் இல்லை. அவை குடிமக்களையும் நிரந்தரவாசிகளையும் மட்டும் கணக்கில் எடுப்பவை. ஞாயிறு மாலை சிராங்கூன் சாலையில் நம் தோளோடு தோள் உரசி நடக்கிறவர்கள், புதுக்கோட்டையிலிருந்தும் தஞ்சாவூரிலிருந்தும் வந்தவர்கள், 'சிங்கப்பூர் இந்தியர்' என்ற கட்டத்துக்குள் வருவதில்லை. 2020 டிசம்பருக்குள் தங்குவிடுதிகளில் இருந்த சுமார் 3,23,000 ஊழியர்களில் 47 விழுக்காட்டினருக்குக் கொவிட் தொற்று ஏற்பட்டிருந்ததாகச் சுகாதார அமைச்சு அறிவித்தது. தொற்று வந்தபோது எண்ணினோம். மற்ற நாளில் அவர்களுடைய சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் யார் எண்ணுகிறார்கள்?

அவர்களைச் சேர்ப்பது எளிதல்ல. வேலை அனுமதி முதலாளியின் கையில் இருக்கும்போது ஒருவர் ஆய்வுக்குச் சொல்லும் 'சரி' எவ்வளவு சுதந்திரமானது? நீரிழிவு இருப்பது தெரிந்தால் வேலை போய்விடும் என்று அஞ்சுகிறவரிடம் ரத்தம் கேட்கலாமா? முடிவு யார் கண்ணுக்குப் போகும்? குழுவில் இருப்பவர்கள் இதை விட்டுவிடத் தயாராக இல்லை. துணைப்பாட ஆசிரியை ஒரு வரைவு எழுதிக் கொண்டுவந்தார். அடுத்த கட்டத்துக்கான விண்ணப்பத்தில் அதை அப்படியே சேர்த்திருக்கிறோம்: குழுவில் விடுதி ஊழியர்களுக்கென இரண்டு இடங்கள், கூட்டங்கள் அவர்களுக்கு விடுமுறையான ஞாயிற்றுக்கிழமையில், தமிழிலும் வங்காளத்திலும், முதலாளியிடம் அனுமதிக் கடிதம் கேட்பதில்லை, எவருடைய தனிப்பட்ட முடிவும் முதலாளிக்குப் போகாது, நோய் கண்டறியப்பட்டால் சிகிச்சைச் செலவை ஆய்வு நிதியே ஏற்க வேண்டும். கடைசி அம்சத்தில்தான் இழுபறி. நிதி தருபவர்கள் அதைக் குறைக்கச் சொல்கிறார்கள். குழு மறுத்துவிட்டது, நானும் மறுத்திருக்கிறேன். அடுத்த மாதம் பதில் சொல்வதாக இருக்கிறார்கள்.